பினாங்கில் ஒரு ஞாயிறு, கையில் 60 ரிங்கிட்: எந்தச் சந்தைக்கு எப்போது போகணும்?

திருச்சிப் பையன்:
வணக்கம். கோலாலம்பூர் சுற்றிவிட்டு சனிக்கிழமை ராத்திரி பினாங்கு வருகிறேன். லவ் லேனில் ஒரு டார்மிட்டரியில் படுக்கை பிடித்தாயிற்று. ஞாயிறு முழுக்கக் கையில் இருக்கிறது, திங்கள் காலை கிளம்பிவிடுவேன். மால், மலை ரயில் எதுவும் வேண்டாம், சந்தை சந்தையாகச் சுற்றணும், அவ்வளவுதான். சாப்பாடு, பஸ், சின்னச் சின்னச் சாமான் எல்லாம் சேர்த்து 60 ரிங்கிட்டைத் தாண்டக் கூடாது. தேடிப் பார்த்தால் ஆளுக்கொரு பட்டியல் தருகிறார்கள், எத்தனை மணிக்குப் போகணும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. சவுரஸ்தா, லோரோங் குலிட், லிட்டில் இந்தியா, பத்து ஃபிரிங்கி இரவுச் சந்தை, இந்த நாலும் ஒரே நாளில் முடியுமா? அசைவம் சாப்பிடுவேன். விமானத்தில் 7 கிலோ கைப்பை மட்டும்தான்.

கொம்தார் அக்கா:
தம்பி, நாலு முடியாது, மூணு முடியும். பத்து ஃபிரிங்கியை விட்டுவிடுங்கள். 101 பஸ் பிடித்துப் போய்த் திரும்புவதற்குள் சாயங்காலமே போய்விடும், அங்கே தொங்குகிற டி-சர்ட்டும் கீ செயினும் நீங்கள் கோலாலம்பூர் பெட்டாலிங் ஸ்ட்ரீட்டில் பார்த்த அதே சரக்குதான்.

காலை ஏழு, ஏழரைக்கெல்லாம் சவுரஸ்தாவில் இருங்கள். உங்கள் இடத்திலிருந்து நடை தூரம்தான். மீனும் காய்கறியும் காலையில்தான், மதியம் போனால் கழுவிவிட்ட தரையைத்தான் பார்க்கலாம். பசியாறிவிட்டு நேராக லோரோங் குலிட், சிட்டி ஸ்டேடியத்தை ஒட்டி இருக்கிறது. ஞாயிறுதான் அங்கே கூட்டம். தார்ப்பாயை விரித்து பழைய நாணயம், ஓடாத கைக்கடிகாரம், இசைத்தட்டு, ஸ்பேனர், எந்த டிவிக்கு என்றே தெரியாத ரிமோட் என்று கொட்டி வைத்திருப்பார்கள், வெயில் ஏறினால் ஒவ்வொருவராகச் சுருட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அங்கே பேரம் பேசலாம், ‘போலே கூராங்?’ (குறைக்க முடியுமா?) என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். சவுரஸ்தாவில் மீன் விற்கிற ஆளிடம் அந்த வேலை வேண்டாம். 50 வெள்ளி (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்) நோட்டை நீட்டினால் காலையில் சில்லறை கிடைக்காது, ஒன்று, ஐந்து வெள்ளியாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் உச்சி வெயிலில் மறுபடி சவுரஸ்தா, இந்த முறை மாடிக்கு. பழைய புத்தகக் கடைகள் அங்கேதான், நிழல், உட்கார்ந்து புரட்டலாம். பக்கத்து கெங் குவீ சந்தில் செண்டோல் குடியுங்கள், தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஐஸும் சேர்ந்த இனிப்பு. லிட்டில் இந்தியாவுக்கு ஐந்து மணிக்கு மேல் போனால் போதும். டவுனுக்குள் சுற்ற கேட் (CAT) என்கிற பஸ் இலவசம்.

ஊர்சுற்றி கோவை:
எல்லாம் சரி, ஆனால் திருச்சியிலிருந்து இவ்வளவு தூரம் வந்து லிட்டில் இந்தியாவா? சின்னக்கடை வீதியில் கிடைக்காத எது அங்கே இருக்கிறது? அதே சேலை, அதே ஊதுவத்தி, அதே சினிமா பாட்டு சத்தம். அந்த நேரத்துக்கு லெபோ சூலியா போங்கள், இருட்டினதும் ரோட்டோரம் தள்ளுவண்டிகள் வந்துவிடும், சீன நூடுல்ஸ் வகையெல்லாம் மலிவாகச் சாப்பிடலாம்.

கொம்தார் அக்கா:
@ஊர்சுற்றி, சேலை வாங்கவா போகச் சொன்னேன்? நாங்கள் கடைத்தெரு என்று சொல்கிற லெபோ பாசாரில் நுழைந்து குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் வரை நடந்து பாருங்கள், 1833-ல் எழுந்த கோயில். கொஞ்சம் தள்ளி கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1801. நீங்கள் சாப்பிடப் போகச் சொல்கிற சூலியா தெருவே இங்கே வியாபாரம் செய்ய வந்த தமிழ் முஸ்லிம்கள் பேரில்தான் இருக்கிறது. நம் ஆட்கள் இருநூறு வருஷமாகக் கடை போட்ட இடத்தை ‘அதே ஊதுவத்தி’ என்று ஒதுக்கினால் என்ன சொல்வது. இரண்டுக்கும் நடை தூரம், இரண்டையும் பார்க்கட்டும்.

சாதிக்காய்:
நாசி கண்டார் பற்றி யாரும் சொல்லவில்லையே! அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் கறியையும் காவடித் தண்டில் தூக்கி விற்ற சாப்பாடு அது. பட்ஜெட்டைக் கவிழ்ப்பதும் அதுதான். விலைப் பலகை இருக்காது பாருங்கள், தட்டில் என்ன ஏறுகிறதோ அதற்குக் காசு. பெரிய இறால், கணவாய் முட்டை, மீன் முட்டை மூன்றையும் கேட்காமல் வாங்காதீர்கள். சோறு, ஒரு கோழித்துண்டு, வெண்டைக்காய், மேலே ‘பஞ்சிர்’ என்று சொன்னால் நாலைந்து குழம்பையும் கலந்து ஊற்றிவிடுவார்கள், அதற்குத் தனிக் காசு கிடையாது. 15 வெள்ளிக்குள் வயிறு நிறையும்.

வாங்குவதற்கு: சவுரஸ்தாவின் பினாங்கு ரோடு முகப்பில் ஜெருக் (ஊறவைத்த பழம்) கடைகள் வரிசையாக இருக்கும். நம் ஊரில் சாதிக்காய் என்றால் கொட்டை, இங்கே வெளிச்சதையைச் சீவிச் சர்க்கரையில் போட்டுக் காயவைத்துத் தின்பார்கள். உறைப்பும் இனிப்புமாக மூக்கில் ஏறும். சுவைத்துப் பார்க்கக் கொடுப்பார்கள். தண்ணீரில் ஊறியதை வாங்கினால் கைப்பைச் சோதனையில் எடுத்துவைத்துவிடுவார்கள், காய்ந்ததாக வாங்குங்கள்.

திருச்சிப் பையன்:
பத்து ஃபிரிங்கி போச்சு. சவுரஸ்தா இரண்டு முறை, நடுவில் லோரோங் குலிட், சாயங்காலம் கடைத்தெரு, ராத்திரி சூலியா. அக்கா, மழை வந்தால்?

கொம்தார் அக்கா:
லோரோங் குலிட்டில் வந்தால் அவர்களே தார்ப்பாயைத் தூக்கிவிடுவார்கள், நீங்களும் கிளம்ப வேண்டியதுதான். டவுனுக்குள் என்றால் அஞ்சடி, அதாவது கடைகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதை, வழியாகவே நடக்கலாம், அங்கங்கே மோட்டார் சைக்கிளை நிறுத்தி வழியை அடைத்திருப்பார்கள், அது ஒன்றுதான் தொல்லை.