கிரே டேங்க் ஃபுல், ஷவர்ல தண்ணி மேல வருது: காட்டுல திறந்து விடலாமா?

தூரப்பயணி:
அவசரம். ட்ரெய்லர்ல ரெண்டு நாளா காட்டுல இருக்கோம். ஷவர் தரையில அழுக்குத் தண்ணி மேல ஏறுது. பேனல்ல கிரே டேங்க் (சிங்க், ஷவர் தண்ணி சேருற தொட்டி) ஃபுல்னு காட்டுது. கழிவு டேங்க்கைக் காலி பண்ற டம்ப் ஸ்டேஷன் ஒரு மணி நேரத் தூரம். வெறும் சோப்புத் தண்ணிதானே, மரத்தடியில திறந்து விட்டா தப்பா? பக்கத்துல இருக்கிறவர் எல்லாரும் அப்படித்தான் விடுறாங்கன்னு சொல்றார்.

பைன்காடு:
எந்த நிலம்? நேஷனல் ஃபாரஸ்ட்டா, பிஎல்எம்மா (அமெரிக்க அரசு நில நிர்வாகத் துறையோட நிலம்), நேஷனல் பார்க்கா? எந்த மாநிலம்? இடத்துக்கு இடம் விதி மாறும். பதில் வரும்வரை வால்வைத் தொடாதீங்க.

சென்சார்மணி:
முதல்ல பேனலை நம்புறதை விடுங்க. டேங்க் சுவர்ல இருக்கிற சென்சார் முனைகள்ல எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பும் படிஞ்சா காலி டேங்க்கூட ஃபுல்னு காட்டும். வெந்நீரும் பாத்திரம் கழுவுற சோப்பும் ஊத்தி, வண்டி ஓடும்போது உள்ளே அலம்ப விட்டு, அடுத்த டம்ப்ல இறக்குங்க.

நாலுசக்கரம்:
மணி சார், சென்சார் பொய் சொல்லலாம். ஆனா ஷவர்ல தண்ணி ஏறுறது பொய் இல்லையே. வண்டியிலேயே தாழ்வான வாய் ஷவர்தான், அதனால டேங்க் நிரம்பினா முதல்ல அங்கேதான் தெரியும். இல்லேன்னா ஷவர் குழாய் முடியும் சோப்பும் சேர்ந்து அடைச்சிருக்கணும். தூரப்பயணி, ஃப்ரெஷ் டேங்க் (நல்ல தண்ணித் தொட்டி) எத்தனை கேலன், எவ்வளவு மிச்சம்?

பழையசாரதி:
நிலம், மாநிலம், டேங்க் அளவு, வண்டி வகை. இந்த நாலும் எழுதாம கேள்வி போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? இதெல்லாம் ட்ரெய்லர் எடுக்குறதுக்கு முன்னாடியே படிச்சிருக்க வேண்டியது.

தூரப்பயணி:
மன்னிக்கணும். அரிசோனா, கோகொனினோ நேஷனல் ஃபாரஸ்ட். ஃப்ரெஷ் 40 கேலன், பாதி இருக்கு. கிரே 30ன்னு புத்தகத்துல போட்டிருக்கு. கிளம்புறதுக்கு முன்னாடி டம்ப் பண்ணிட்டுத்தான் வந்தோம்.

பைன்காடு:
அப்போ திறக்கவே கூடாது. நேஷனல் ஃபாரஸ்ட் விதி 36 சிஎஃப்ஆர் (அமெரிக்க மத்திய அரசு விதித் தொகுப்பு) 261.11ல குப்பை, சாக்கடையோட கழிவுநீரையும் பேர் சொல்லியே சேர்த்திருக்காங்க. கையோட எடுத்துட்டுப் போகணும், இல்லேன்னா அதுக்குன்னு வச்ச இடத்துல விடணும். அங்கே இருக்கிற குழிக் கழிப்பறையிலயும் டேங்க்கைக் கொட்டாதீங்க.

மணல்மேடு:
பிஎல்எம் நிலத்துல வாஷ் வாட்டருக்கு, அதாவது கழுவின தண்ணிக்கு, விலக்கு உண்டே. 43 சிஎஃப்ஆர் 8365.1-1 பாருங்க.

பழையசாரதி:
அவர் நிக்கிறது பிஎல்எம் இல்லை. அங்கேயும் குறிப்பிட்ட இடத்துக்குன்னு கூடுதல் விதி போட்டா விலக்கு போச்சு. மாநில விதி தனி. கிச்சன் சிங்க் தண்ணியை அரிசோனாவும் கலிஃபோர்னியாவும் கிரே வாட்டர்னே கணக்குல எடுக்கிறதில்லை. ட்ரெய்லர் டேங்க்ல அதுவும்தானே கலந்து கிடக்கு?

மணல்மேடு:
மக்கும் சோப்பு மட்டும் போட்டா?

பைன்காடு:
மக்கும்னா மண்ணுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா மக்கும்னு அர்த்தம், உடனே மறையும்னு இல்லை. ஓடையில கலந்தா மக்குற சோப்பும் கேடுதான். டேங்க்ல ஒரு நாள் கிடந்தாலே பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்னு தீர்த்துடும், அழுகின முட்டை நாத்தம் வர்றது அதனாலதான். அதை ஒரே இடத்துல 20 கேலன் கொட்டினா சோத்துப் பருக்கையும் எண்ணெயும் மேல நிக்கும், ராத்திரி மிருகம் தேடி வரும். அடுத்து அங்கே கூடாரம் போடுறவங்க கதி என்ன?

நாலுசக்கரம்:
விவாதத்தைத் தனி இழையில வச்சுக்கலாம். கணக்கைப் பாருங்க. செலவானது 20 கேலன். அதுல டாய்லெட் ஃப்ளஷ், கழிப்பறைக் கழிவுக்குன்னு தனியா இருக்கிற பிளாக் டேங்க்குக்குப் போயிடும். காலியா இருந்த 30 கேலன் டேங்க் எப்படி நிரம்பும்? ஒண்ணு அது காலியாகவே இல்லை, இல்லேன்னா உங்க வண்டியில ரெண்டு கிரே டேங்க் இருக்கு. சமையலறையும் குளியலறையும் வேற வேற கோடியில இருக்கிற வண்டிகள்ல இது சகஜம். டார்ச் எடுத்துட்டுக் கீழே படுத்து, இழுக்குற கைப்பிடி எத்தனைன்னு எண்ணுங்க. ரெண்டாவது கிரே வால்வு சில மீட்டர் தள்ளி, சக்கரத்துக்குப் பின்னாடிகூட இருக்கும்.

இப்போதைக்கு: பிளாக் டேங்க்ல இடம் இருந்தா ஷவர்ல நிக்கிற தண்ணியை மொண்டு டாய்லெட்ல ஊத்துங்க. இனிமே பாத்திரத்தை முதல்ல பேப்பரால துடைச்சு, பேசின்ல கழுவி, அந்தத் தண்ணியை ஃப்ளஷ்ஷுக்கு வச்சுக்கோங்க.

யார்கிட்டயாவது டோட் டேங்க் (கழிவுநீரை எடுத்துட்டுப் போற கையடக்கத் தொட்டி) இருந்தா இரவல் வாங்குங்க. பிளாக் வால்வு மூடியிருக்கான்னு பார்த்துட்டு 3 அங்குல ஹோஸை மாட்டுங்க. டோட்டோட காத்துத் துளை மூடியைக் கழட்டலேன்னா தண்ணி இறங்காது. கிரே வால்வைப் பாதி மட்டும் இழுங்க. டோட் நிரம்புறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே அடைச்சிடணும், ஹோஸ்ல நிக்கிற தண்ணிக்கும் உள்ளே இடம் வேணும். இதை விட்டவங்கதான் தரையெல்லாம் கொட்டுவாங்க. 15 கேலன் டோட் நிரம்பினா 57 கிலோ, ஒத்தை ஆளா தூக்காதீங்க.

சென்சார்மணி:
பிளாக் காலியா இருந்தா வெளி மூடியைப் போட்டுட்டு ரெண்டு வால்வையும் திறங்க, கிரே தானா அங்கே ஓடிடும்.

நாலுசக்கரம்:
பிளாக் மட்டம் உசரமா இருந்தா மலம் கிரேக்குள்ள வரும், அடுத்து ஷவர்ல ஏறும். தயவுசெஞ்சு இதைச் செய்யாதீங்க.

தூரப்பயணி:
மூணாவது கைப்பிடி பின் சக்கரத்துக்குப் பின்னாடி, சேறு மூடிக் கிடந்துச்சு. அதைத் திறந்ததே இல்லை. ஷவர் தண்ணியை மொண்டு டாய்லெட்ல ஊத்தியாச்சு. காலையில வண்டியோட டம்ப் ஸ்டேஷன் போறோம். நன்றி.

நாலுசக்கரம்:
பிளாக் முதல்ல, கிரே கடைசியில. அப்பத்தான் ஹோஸ் அலசும். அந்த வால்வு இத்தனை நாள் அசையாம இருந்திருக்கு, கசிஞ்சிருக்கலாம், மூடி கழட்டுறதுக்கு முன்னாடி கீழே வாளி வச்சுக்கோங்க. காலி ஆனதும் ஷவர் தண்ணி இறங்குதான்னு எழுதுங்க, இல்லேன்னா அடைப்பும் இருக்கு.

பைன்காடு:
தூரப்பயணி, இறங்குச்சா?