முள் கத்தரியில் வெள்ளைப் புள்ளி, இலை அடியில் நூலாம்படை: மருந்து அடித்தும் பரவுகிறது

ஒடுகத்தூர் மேடு:

எல்லாருக்கும் வணக்கம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் அரை ஏக்கர்ல இலவம்பாடி முள் கத்தரி இருக்கு. காய்ப்பு நடக்குது, வாரம் ரெண்டு பறிப்பு. வண்டிப்பாதையை ஒட்டின வரிசையில முதல்ல இலை மேல்பக்கம் பொடிப்பொடியா வெள்ளைப் புள்ளி வந்தது. இப்போ கீழ் இலையெல்லாம் பழுப்பேறிப் போச்சு. திருப்பிப் பார்த்தா நரம்போரம் மெல்லிசா நூலாம்படை. பூ கொட்டுது, காயும் சிறுத்து வருது.

மருந்துக் கடையில சொன்னபடி முதல்ல இமிடாகுளோபிரிட், அடுத்து சைபர்மெத்ரின் அடிச்சாச்சு. அதுக்கப்புறம்தான் உள் வரிசைக்கு இன்னும் வேகமா ஏறுது. மாசியில இருந்து மழை இல்லை. போர் தண்ணி, வாய்க்கால் பாசனம். கையில 16 லிட்டர் பேட்டரி டேங்க் இருக்கு.

இது இலைச் சாறு உறிஞ்சுற அந்தச் சின்னச் சிலந்திப்பேன், செம்பேன்தானா? எந்த மருந்து, எவ்வளவு? பறிப்பை முழுசா நிறுத்தாம செய்ய முடியுமா?

பாலாற்றங்கரை:

நூலாம்படை இருக்கிறது என்றாலே பெரும்பாலும் செம்பேன்தான். ஆனாலும் அடுத்த மருந்துக்குக் காசு போடும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள் ஐயா. வெயில் காலத்தில் கத்தரியில் இதே மாதிரிப் புள்ளி போடுகிற இன்னொன்று உண்டு: கண்ணாடி இறக்கைப் பூச்சி. அது என்றால் இலை அடியில் கறுப்பு எச்சப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும், பூச்சிகளும் கண்ணுக்கே தெரியும், வலை இருக்காது. தத்துப்பூச்சி என்றால் இலை விளிம்பு மஞ்சளாகி மேல்நோக்கி மடங்கும். மக்னீசியம் குறைவென்றால் நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி மட்டும் வெளுக்கும், அடியில் எதுவும் ஊராது.

சோதனை எளிது. முள் குத்தாமல் கையுறை போட்டுக்கொண்டு, நடுத்தட்டு இலை ஒன்றை வெள்ளைத் தாளின் மேல் நன்றாகத் தட்டுங்கள். தளிரும் வேண்டாம், காய்ந்துபோன கீழ் இலையும் வேண்டாம். அரை நிமிடம் பொறுங்கள். தாளில் விழுந்த தூசியில் சில நகர ஆரம்பிக்கும். விரலால் தேய்த்து இழுத்தால் செம்பழுப்புக் கோடு விழும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸ் இருந்தால் இன்னும் தெளிவு: உடல் அரை மில்லிமீட்டர்தான், கால் எட்டு, பொரித்த குஞ்சுக்கு மட்டும் ஆறு. முட்டை உருண்டையாக, நிறமில்லாமல், நரம்போரம் வலைக்குள் ஒட்டியிருக்கும். லென்ஸில் வெறும் உரித்த சட்டை மட்டும் தெரிந்து எதுவும் ஊரவில்லை என்றால் அது பழைய சேதம்.

ஒரே மூலையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாதை ஓரம், நடு வரிசை, எதிர்க்கரை என்று மூன்று இடத்திலும் சில செடிகளைத் தட்டிப் பாருங்கள். எங்கே கூட்டம் அதிகம் என்று தெரிந்தால்தான் வேலையை எங்கே தொடங்குவது என்பது தெரியும்.

இப்போது மருந்து அடித்த பிறகு ஏன் பெருகியது என்பதற்கு வருகிறேன், இதுதான் முக்கியம். செம்பேன் பூச்சி இனமே அல்ல, சிலந்தி இனம். இமிடாகுளோபிரிட் அதைக் கொல்லாது. அது முட்டையிடுவதைக் கூட்டிவிடுகிறது என்றே சில பயிர்களில் ஆய்வு முடிவுகள் வந்திருக்கின்றன. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், லாம்ப்டா சைஹாலோத்ரின் வகையெல்லாம் செம்பேனைத் தின்கிற சின்னக் கறுப்பு வண்டையும் இரைபிடிச் சிலந்திப்பேனையும் முதலில் தீர்த்துவிடும். எதிரி போனதும் இது தடையில்லாமல் ஏறும். நம் பக்கம் வெயில் 40 டிகிரியை நெருங்கும் மாதங்களில் முட்டையிலிருந்து தாய்ப்பேன் ஆக ஒரு வாரம், பத்து நாள் போதும். சேராமலே முட்டை போடும், அந்த முட்டை ஆணாகப் பொரிக்கும். ஆகவே ஒரு தாய்ப்பேன் தப்பினாலும் புதுக் கூட்டம் உண்டாகிவிடும். பாதைத் தூசியும் இதற்குத் துணை, தூசி படிந்த இலையில் இரைபிடிகளால் சரியாக வேட்டையாட முடியாது. உங்களுக்கு முதலில் பாதை ஓரம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

இந்த இரண்டு மருந்தையும் இந்தப் பயிரில் இனி தொடவே வேண்டாம்.

கே.வி.குப்பம் தோட்டம்:

அண்ணா, மேலே சொன்னது சரி. நான் செய்முறையை மட்டும் சொல்றேன்.

முதல் நாள் தண்ணி கட்டுங்க. வாடின செடியில எந்த மருந்து அடிச்சாலும் இலை கருகும். அன்னிக்கே பழுப்பேறின கீழ் இலைகளை அறுத்து எடுத்துடுங்க. வலை கட்டின இலையை வரப்புல போட்டா அது காய்ஞ்சதும் பேன் பக்கத்துச் செடிக்கு ஏறும், காத்துலயும் நூலோட பறக்கும். அதனால இலை அறுக்கும்போதே சாக்குல போட்டு, வாயைக் கட்டி, வயலுக்கு வெளியே குழி தோண்டிப் புதைங்க. நல்ல வரிசையில தொடங்கி மோசமான வரிசையில முடியுங்க. எதிர்மாறா போனா சட்டையிலயும் கையிலயும் நீங்களே பரப்பிடுவீங்க.

அடுத்த நாள் காலையில மோட்டார் ஓஸ்ல நாசில் போட்டு இலை அடிப்பக்கமா தண்ணி பீச்சி அடிங்க. தூசியும் வலையும் கழியும். வலை இருக்கிற இலையில மருந்து உள்ளே போய்ச் சேராது, அதான் இந்த வேலை. சாயங்காலத்துக்குள்ள இலை உலர்ந்திடும்.

அப்புறம் மருந்து. கத்தரி செம்பேனுக்கு லேபிள்ல இருக்கிறதுல ஸ்பைரோமெசிஃபென் 22.9 எஸ்சி முதல்ல எடுக்கலாம். எக்டேருக்கு 400 மில்லி, 500 லிட்டர் தண்ணி. உங்க அரை ஏக்கருக்கு 80 மில்லி, 100 லிட்டர். 16 லிட்டர் டேங்க்குக்கு 13 மில்லி. இது முட்டையையும் குஞ்சையும் நல்லா அடக்கும். தாய்ப்பேன் மெதுவாத்தான் சாகும், முட்டையிடுறது குறையும். ரெண்டாம் நாள் பார்த்துட்டு கேக்கலைன்னு வேற மருந்தை மேலே அடிக்காதீங்க, இதுலதான் பலபேர் காசு விடுறாங்க. ஆறேழு நாள் கழிச்சுத் தாளில் தட்டிப் பாருங்க.

அப்பவும் ஊர்ந்தா ஃபெனசாகுவின் 10 ஈசி, லிட்டருக்கு 2.5 மில்லி, டேங்க்குக்கு 40 மில்லி. இது வேலை செய்யுற விதம் வேற, அதனால முதல் மருந்துக்குத் தப்பினதையும் பிடிக்கும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிச்சா அந்த ஊரு பேனுக்கே அது பழகிப்போகும்.

கலக்காதீங்க. பூஞ்சாண மருந்து, டானிக், இலைவழி உரம் எதுவும் இதோட சேர்த்து வேண்டாம்.

நாசில் ரொம்ப முக்கியம். குழிவான கூம்பா பொழியுற நாசில் போட்டு, குச்சியைச் செடிக்குக் கீழே விட்டு மேல்நோக்கி அடிக்கணும். மேலே நின்னு பொழிஞ்சா மேல்பக்கம் மட்டும் நனையும், பேன் இருக்கிறது அடியில. முள் கத்தரி இலை அடி சொரசொரன்னு ரோமம் நிறைஞ்சது, துளி நிக்காம உருண்டு ஓடும். ஒட்டுத்திரவம் லிட்டருக்கு அரை மில்லி சேருங்க. அரை ஏக்கருக்கு 100 லிட்டர் செலவாகலேன்னா நீங்க சரியா நனைக்கலைன்னு அர்த்தம். காலை வெயில்ல வேண்டாம், 4 மணிக்கு மேல, தேனீ அடங்கின பிறகு. முகக்கவசம், முழுக்கைச் சட்டை, கண்ணாடி கட்டாயம். மேல்நோக்கி அடிக்கும்போது மூஞ்சில விழும்.

ஒடுகத்தூர் மேடு:

ரொம்ப நன்றி. தாளில் தட்டினதுல ஊருது, செம்பழுப்புக் கோடும் விழுது. நடு வரிசையில குறைவு, எதிர்க்கரையில இல்லை. ரெண்டு சந்தேகம். ஒண்ணு, பறிப்பு. சந்தைக்குக் காய் போயாகணும். ரெண்டு, கந்தகம் அடிக்கலாம்னு ஒருத்தர் சொல்றார், டைகோபால்தான் கைகண்டதுன்னு இன்னொருத்தர். வேப்ப எண்ணெயும் வீட்டுல இருக்கு, ஆனா போர் தண்ணியில சோப்பு போட்டா திரிஞ்சு மிதக்குது.

பாலாற்றங்கரை:

டைகோபாலை மறந்துவிடுங்கள். பழைய கையேடுகளில் கத்தரிக்கு அதுதான் எழுதியிருக்கும், ஆனால் மத்திய அரசு 2023-இல் தடை செய்துவிட்டது. யாராவது பழைய இருப்பை நீட்டினாலும் வாங்காதீர்கள். அதே 2023-இல்தான் இந்த முள் கத்தரிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பெயரில் விற்கும் காயில் தடை செய்த மருந்தின் எச்சம் இருக்கக் கூடாது.

நனையும் கந்தகம் நல்ல மருந்துதான், ஆனால் அதற்குக் காலம் உண்டு. 35 டிகிரிக்கு மேல் போகும் நாட்களில் இலை கருகும். மாலையில் அடித்தாலும் மறுநாள் மதியம் அது இலை மேலேயே இருக்கும் என்பதால் தப்ப முடியாது. தை, மாசியில் லிட்டருக்கு 2 கிராம் அடிக்கலாம். அக்னி நட்சத்திரம் நெருங்கும்போது வேண்டாம். எண்ணெய் அடித்த செடிக்கு இரண்டு வாரம் கழியாமல் கந்தகம் அடிக்கக் கூடாது, கந்தகத்துக்குப் பின் எண்ணெய்க்கும் அதே கணக்கு.

பறிப்புக்கு வழி இது. ஸ்பைரோமெசிஃபெனுக்குக் கத்தரியில் காத்திருக்கும் காலம், அதாவது அடித்த பின் பறிக்காமல் விட வேண்டிய காலம், 5 நாள். அடிக்கும் நாளன்று காலையில் விற்பனைக்கு ஏற்ற காய் அத்தனையும், கொஞ்சம் பிஞ்சாக இருப்பதையும் சேர்த்துப் பறித்துவிடுங்கள். மாலையில் அடியுங்கள். இடையில் ஒரு பறிப்பு போகும். ஆறாம் நாள் பறிக்கும்போது முற்றின காயைத் தனியே ஒதுக்குங்கள், அது செடியில் நின்றால் அடுத்த பூவைப் பிடிக்க விடாது. ஃபெனசாகுவின் அடித்தால் புட்டியில் போட்டிருக்கும் நாளைப் பாருங்கள்.

மேல்பட்டி இயற்கை:

வேம்பு பற்றி நான் சொல்கிறேன். வலை கட்டின பாதை ஓர வரிசைக்கு வேம்பு மட்டும் போதாது, நேரம் கடந்துவிட்டது. ஆனால் நடு வரிசைக்கும் எதிர்க்கரைக்கும் இதுவே போதும், அங்கே ரசாயனம் தேவையில்லை. இரைபிடிகள் மிச்சமிருந்தால் அங்கேதான் இருக்கும், அவற்றை விட்டுவைக்க வேண்டும்.

இந்த வெயிலில் 3 சத எண்ணெயை விட வேப்பங்கொட்டைக் கரைசல் பாதுகாப்பு. 100 லிட்டருக்கு 5 கிலோ வேப்பம்பருப்பு. இடித்துத் துணியில் கட்டி 10 லிட்டர் தண்ணீரில் ஒரு இரவு ஊற வையுங்கள். காலையில் பிழிந்து பிழிந்து, பால் நிறம் போய்த் தண்ணீர் தெளிவாக வரும்வரை எடுங்கள். இரண்டு முறை மெல்லிய துணியில் வடிகட்டுங்கள், இல்லையென்றால் நாசில் அடைக்கும். 100 லிட்டராக்கி, 200 கிராம் காதி சோப்பைத் தனியே கரைத்துச் சேருங்கள். கொட்டை எட்டு மாதத்துக்கு மேல் பழசாக இருந்தால் வீரியம் இருக்காது, பூஞ்சணம் பிடித்ததையும் தள்ளுங்கள். கரைசலை அன்றே மாலையில் அடித்துத் தீர்க்க வேண்டும். வெயிலில் சத்து சிதையும். இது முட்டையை முழுதாகக் கொல்லாது, ஆகவே 5 நாள் இடைவெளியில் மூன்று முறை அடித்தால்தான் பொரித்து வருவதைப் பிடிக்க முடியும். ஒரு முறை அடித்துவிட்டுப் பலனில்லை என்று விட்டுவிடக் கூடாது.

சோப்பு திரிவது உப்புத் தண்ணீரால். சுண்ணாம்பு, மக்னீசியம் அதிகமுள்ள போர் தண்ணீரில் சோப்பு கட்டியாகி மிதக்கும், எண்ணெயும் பிரிந்து மேலே நிற்கும். அதை அப்படியே அடித்தால் ஒரு செடிக்கு வெறும் தண்ணீர், இன்னொரு செடிக்கு வெறும் எண்ணெய், அது கருகும். ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சோப்பு போட்டுக் குலுக்கிப் பாருங்கள். நுரை நிற்கவில்லை என்றால் சோப்பை விட்டுவிட்டு, கடையில் கிடைக்கும் ஒட்டுத்திரவம் லிட்டருக்கு 1 மில்லி சேருங்கள், அது உப்புத் தண்ணீரிலும் கலங்காது. கிணற்றுத் தண்ணீர் கிடைத்தால் அதையும் இதே மாதிரி சோதித்துப் பார்க்கலாம்.

குடியாத்தம் மிளகாய்:

இடையில ஒரு கேள்வி. எங்க மிளகாய்ல இலை சுருளுது, வலை எதுவும் இல்லை. இதுவும் இதேதானா?

பாலாற்றங்கரை:

சுருளும் திசையைப் பாருங்கள். படகு வடிவில் மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். இலை குறுகி, விளிம்பு கீழ்நோக்கி மடங்கி, காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்தி. அது வலை கட்டாது, வெறுங்கண்ணுக்குத் தெரியாது, வசிப்பது தளிரில். கத்தரிச் செம்பேனுக்கு இலை அடியை நனைப்பது போல இதற்குக் குருத்தை நனைக்க வேண்டும். ஸ்பைரோமெசிஃபென், ஃபெனசாகுவின் இரண்டும் மிளகாய் லேபிளிலும் உண்டு, காத்திருக்கும் நாள் மட்டும் வேறு. இலைப்பேனும் மஞ்சள் சிலந்தியும் சேர்ந்து இருப்பதும் சகஜம், அதனால் லென்ஸில் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். சந்தேகமிருந்தால் நான்கைந்து குருத்தை உறையில் போட்டு விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் காட்டுங்கள்.

கே.வி.குப்பம் தோட்டம்:

ஒடுகத்தூர் அண்ணா, இன்னும் கொஞ்சம். யூரியாவை இப்போதைக்கு நிறுத்துங்க. தழைச்சத்து மிஞ்சின இலையில பேன் ரெண்டு மடங்கா ஏறும். வாய்க்கால் காய விடாம இடைவெளியைக் குறைச்சு தண்ணி கட்டுங்க.

வரப்புல ஆமணக்கு, வெண்டை, செண்டுமல்லி இருந்தா அதோட இலை அடியையும் பாருங்க. அங்கே பேன் இருந்து இங்கே மட்டும் அடிச்சா ஒரே வாரத்துல திரும்பி வரும். பாதை ஓரத்துல அடுத்த நடவுக்கு முன்னாடியே மூணு வரிசை சோளம் நெருக்கி விதைச்சா தூசியைத் தடுக்கும்.

மருந்து கேட்டுச்சான்னு பழைய இலையை வெச்சு முடிவு பண்ணாதீங்க, வெளுத்த இலை பச்சையாகாது. புதுசா விரியுற நாலு இலை புள்ளியில்லாம வந்தா அடங்கிடுச்சு. பாதை ஓரத்துல குருத்து வரைக்கும் வலை ஏறின செடி இருந்தா அதுக்கு மருந்து வீண். அதை வேரோட பிடுங்கி, நின்ன இடத்துலயே சாக்குக்குள்ள இறக்கி எடுத்துட்டுப் போங்க, வரிசையோட இழுத்துட்டுப் போகாதீங்க.