எரிவாயுவும் மின்சாரமும்: அண்டை நாடுகள் இரண்டையும் சேர்த்துத் திட்டமிட வேண்டுமா?

அழுத்தமானி:
வேண்டும். 2023 அக்டோபரில் பின்லாந்து–எஸ்டோனியா இடையிலான பால்டிக்கனெக்டர் எரிவாயுக் குழாய் சேதமடைந்தது. 2024 ஏப்ரலில்தான் மறுபடி இயங்கியது. இதற்கிடையே ஜனவரியில், அதே இரு நாடுகளை இணைக்கும் 650 மெகாவாட் எஸ்ட்லிங்க்-2 மின்கேபிளும் பழுதாகி, செப்டம்பர் வரை முடங்கிக் கிடந்தது. எரிவாயுக்காரர்களின் என்-1 கணக்கு (ஒன்று பழுதானாலும் மீதி தாங்குமா என்ற சோதனை) மிகப்பெரிய வாயு வழி ஒன்று போவதை மட்டுமே பார்க்கும். கேபிளும் சேர்ந்து போவது அதில் வராது.

மின்தடம்:
விளக்கு அணைந்ததா? இல்லையே. பின்லாந்துக்கு இங்கூ எல்என்ஜி (திரவ எரிவாயு) முனையம், எஸ்டோனியாப் பக்கம் லித்துவேனியாவின் கிளைப்பெடா முனையமும் லாத்வியாவின் நிலத்தடிச் சேமிப்பும் இருந்தன. அவரவர் உபரித் திறன் வைத்தால் போதும். இரண்டையும் ஒரே கணினி மாதிரிக்குள் (model) திணித்தால், மின்சாரம் மணிக்கணக்கில், வாயு நாள்கணக்கில். தீர்வே வராமல் சுற்றும்.

அழுத்தமானி:
அந்த நாள்கணக்குதான் ஓட்டை. 58% திறனுள்ள 400 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் மணிக்குச் சுமார் 65,000 கனமீட்டர் வாயு இழுக்கும். 1 மீட்டர் விட்டம், 100 கிமீ நீளக் குழாயில் அழுத்தம் 10 பார் (bar, அழுத்த அலகு) இறங்கினால் கிடைப்பது ஏறக்குறைய 8 லட்சம் கனமீட்டர். மாலை உச்சத்தில் மூன்று நிலையங்கள் சேர்ந்து எழும்பி, வரத்து கூடாவிட்டால் 4 மணி நேரத்தில் தீரும். அன்றைய மொத்த வரவு செலவு சரியாகவே இருக்கும். டர்பைன் மட்டும் அழுத்தம் போதாமல் டிரிப் ஆகி (தானாக நின்று) கிடக்கும்.

மின்தடம்:
அது இயக்கப் பிரச்சினை. கட்டுப்பாட்டு அறைகள் மணிவாரி அட்டவணையைப் பரிமாறிக்கொண்டால் முடிந்தது.

கம்ப்ரசர்:
2021 பிப்ரவரியில் அட்டவணை என்ன செய்திருக்கும்? டெக்சாஸ் உறைபனியில் வாயு உற்பத்தி சரிந்தது. சுமைக் குறைப்புக்கான மின்வெட்டில், முக்கியச் சுமைப் பட்டியலில் (மின்சாரம் வெட்டக் கூடாத இடங்களின் பட்டியல்) பதியாத வாயு நிலையங்களுக்கே மின்சாரம் வெட்டப்பட்டு, தட்டுப்பாடு இன்னும் கூடியது. அந்த வாயுவை நம்பியிருந்த வட மெக்சிகோவில் பிப்ரவரி 15-இல் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருண்டன.

மின்தடம்:
அதற்கு, எந்தப் பீடரை (மின்விநியோகத் தடத்தை) வெட்டக் கூடாது என்ற பட்டியலும் டீசலிலும் ஓடும் டர்பைன்களும் போதுமே. மாதிரி எதற்கு?

அழுத்தமானி:
எந்த நிலையத்தில், எத்தனை நாளுக்கு டீசல் என்று பட்டியல் சொல்லாதே. ஒரே ராட்சத மாதிரியும் தேவையில்லை. முதலில் மின் பக்கத்தை மணிவாரியாக ஓட்டுங்கள். நிலையவாரியான வாயுத் தேவையைக் குழாய் மாதிரிக்குக் கொடுங்கள். அழுத்தம் வரம்புக்குக் கீழே போகும் இடத்தில் நிலையத்துக்கு உச்சவரம்பு போட்டு, மின் பக்கத்தை மறுபடி ஓட்டுங்கள். பெரும்பாலும் சில சுற்றுகளில் அடங்கிவிடும்.

மின்தடம்:
அடங்கட்டும். குழாய் அழுத்தத்தைக் கூட்டும் கம்ப்ரசர் ஒரு நாட்டில், பலன் பக்கத்து நாட்டில் என்று விடை வந்தால் செலவு யார் தலையில்?

கம்ப்ரசர்:
போலந்து–லித்துவேனியா குழாய்க்கு அதே கேள்விதான் எழுந்தது. பலன் பெறும் மூன்று பால்டிக் நாடுகளும் போலந்துக்கு ஈடுகட்ட வேண்டும் என்று ஐரோப்பிய ஒழுங்குமுறை முகமை 2014-இல் பிரித்துக் கொடுத்தது. 2022-இல் வாயு ஓடியது.

மின்தடம்:
எட்டு வருஷம். அதற்குள் நான் உபரியே கட்டிவிடுவேன்.