அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஆடம்ஸை வாசிக்க உட்கார்ந்தால் எங்கே உதைக்கும்?

கோலாலம்பூரில் வயலின், செல்லோ கற்றவர்கள் ஒன்றுசேர்ந்து ஆடம்ஸைத் தொட நினைத்தால் 'ஷேக்கர் லூப்ஸ்' நல்ல தொடக்கம். 1978-இல் ஏழு பேருக்கு எழுதியது: மூன்று வயலின், ஒரு வியோலா, இரண்டு செல்லோ, ஒரு டபுள் பாஸ். 1983-இல் பெரிய தந்திக் குழுவுக்கு மாற்றினார். எந்தப் பிரதி கையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பழையதில் திரும்பத் திரும்ப வாசிக்க ஆளுக்கொரு நீளத்தில் சுற்று. அடுத்ததற்கு எப்போது தாவுவது என்று இசை நடத்துநர் கைகாட்டுவார். புதியதில் எல்லாம் எழுதியே இருக்கும்.

நம் ஆட்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒருவர் 5 அட்சரம், இன்னொருவர் 7 அட்சரம் என்று சுற்றினால் 35-இல்தான் மறுபடி சேர்ந்து தொடங்குவார்கள். சிக்கலும் அங்கேதான். தாளம் போட்டுப் பழகிய கை, சமம் (சுற்றின் முதல் அடி) வந்ததும் தானாக அழுத்தும். அழுத்தினால் சுற்றுகள் சேரும் தையல் வெளியே தெரிந்துவிடும்.

—

அண்ணே சொன்னதோடு வில்லையும் சேர்த்துக்கோங்க. 'ஷேக்கர் லூப்ஸ்' முதல் பகுதியின் நடுக்கத்தை வில் நுனியில், மணிக்கட்டால் வாசிக்கணும். முழங்கையை ஆட்டினா தோள் கல்லாயிடும், காலப்பிரமாணமும் இறங்கும். அப்புறம் நம்ம ஊர் புழுக்கம். வெளியிலிருந்து ஏசி அறைக்குள்ள வந்தவுடனே சேர்த்த சுருதி நிக்காது. பெட்டியைத் திறந்து அரை மணி நேரம் வச்சிட்டுச் சேருங்க. இரண்டாம் பகுதி மெல்லிய சறுக்கல்கள். பிசகு ஒளிய இடமில்லை.

—

பினாங்கிலிருந்து, தாளவாத்தியம் வாசிக்கிறவங்களுக்கு மட்டும். ஆடம்ஸோட 'ஷார்ட் ரைட் இன் எ ஃபாஸ்ட் மெஷின்' (1986) நாலு நிமிஷம்தான், ஆனா வுட்பிளாக் (குச்சியால் தட்டுற மரக்கட்டை) வாசிக்கிறவர் மாட்டிக்குவார். நிமிடத்துக்கு 150 அடின்னு வச்சா ஒரு அடிக்கு 0.4 விநாடி. 14 மீட்டர் தள்ளி இருக்கிற வயலின் சத்தம் உங்க காதுக்கு வர 0.04 விநாடி, அதாவது அடியில் பத்தில் ஒரு பங்கு. காதை நம்பி வாசிச்சா முன்வரிசைக்கு நீங்க பிந்துவீங்க. நடத்துநர் கோலை மட்டும் பாருங்க. மிருதங்கக்காரங்களுக்கு இதுதான் கஷ்டம், பாடகர் வாயையே பார்த்துப் பழகினவங்களாச்சே!

—

ஆடம்ஸை, சிறு துணுக்குகளைத் திரும்பத் திரும்ப அடுக்கும் ஃபிலிப் கிளாஸ், ஸ்டீவ் ரைக் வரிசையில் வைத்து ஒரே மட்டத்தில் வாசிப்பவர்கள் அதிகம். 'ஹார்மோனிலேரெ' (1985) இ மைனர் சுரக்கூட்டின் இடிகளோடு தொடங்கி, பழைய ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலரை நினைவூட்டும் நீண்ட ஏக்கப் பாட்டுக்குள் போய்விடும். அவரிடம் திரும்ப வருவதெல்லாம் ஏறும் படி. அதனால் உச்சம் எங்கே என்று முதலில் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னோக்கி வந்து ஒவ்வொரு படியின் சத்த அளவையும் பென்சிலால் குறியுங்கள். இல்லையென்றால் பாதியிலேயே முழுச் சத்தமும் தீர்ந்துவிடும்.