புதிய முறையை எதிர்ப்பவர்கள் எல்லோரும் அறியாதவர்கள்தாமா?

கேள்வி – கோப்பாய் ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். உயர்தர வகுப்பில் உயிரியல் கற்பிக்கும் எனக்கு நெடுநாளாக உள்ள ஓர் ஐயத்தை, வெவ்வேறு தொழில்களைச் செய்யும் உங்கள்முன் வைக்கிறேன். விஞ்ஞான வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் நாங்கள் ஒரே கதையைத்தான் சொல்கிறோம். ஒருவர் புதியதொன்றைக் கண்டறிகிறார். மூத்தவர்கள் அவரை ஏளனம் செய்கிறார்கள். காலம் கடந்து அவரே சரி என்று தெரியவருகிறது. இதற்கு வாய்ப்பான நாயகராக வியன்னாப் பொது வைத்தியசாலையின் செம்மல்வைஸ் எப்போதும் கிடைத்துவிடுகிறார். மருத்துவ மாணவர்கள் பிரேத அறையிலிருந்து நேரே பிரசவ விடுதிக்கு வந்து தாய்மாரைப் பரிசோதிப்பதே பிரசவக் காய்ச்சலுக்குக் காரணம் என்று கருதிய அவர், 1847 மே மாதத்தில் குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவுமாறு அவர்களைப் பணித்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 தாய்மார் இறந்த அந்த விடுதியில், ஜூனில் இறப்பு நூற்றுக்கு 2 என்ற அளவுக்கு இறங்கியது. இருந்தும் ஐரோப்பாவின் பெரும் பேராசிரியர்கள் பலர் அதை ஏற்கவில்லை.

இங்கே நிறுத்திவிட்டால், புதியதை எதிர்ப்பவன் மூடன் என்பதே மாணவர் மனதில் பதிகிறது. செம்மல்வைஸ் தமது ஆய்வை முழு நூலாக வெளியிட்டது 1861இல்தான் என்பதையும், கைகளில் ஒட்டியிருந்தது என்ன என்பதை விளக்கும் நுண்ணுயிர்க் கொள்கை அன்று நிலைபெற்றிருக்கவில்லை என்பதையும், தம்மை மறுத்தவர்களை அவர் பகிரங்கக் கடிதங்களில் கொலைகாரர் என்றே எழுதினார் என்பதையும் நாங்கள் சொல்வதில்லை.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 1957இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த தலிடோமைட் என்ற தூக்க மருந்து, கர்ப்பிணிகள் உட்கொண்டதால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் குறைபாடுகளுடன் பிறக்கச் செய்தபின், 1961இல் மீளப்பெறப்பட்டது. அமெரிக்காவில் அம்மருந்துக்கு அனுமதி கொடுக்காமல், நரம்புப் பாதிப்புப் பற்றிய விளக்கம் போதாது என்று கோப்பைத் திரும்பத் திரும்ப அனுப்பிய பிரான்செஸ் கெல்சியை உலகம் இன்று போற்றுகிறது. செம்மல்வைசை மறுத்தவர்களும் கெல்சியும் வெளிப்பார்வைக்கு ஒன்றையே செய்தார்கள்: இன்னும் சான்று வேண்டும் என்றார்கள். ஒருவர் தடைக்கல்லாகவும் மற்றவர் காவலராகவும் ஆனது எதனால்? பின்னால் வந்த முடிவை வைத்துத் தீர்ப்புச் சொல்வது எளிது. முடிவு தெரியாத அந்த நேரத்தில் எதைக் கொண்டு பிரித்தறிவது? உங்கள் துறையில் கண்டதைக்கொண்டு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் – ஓய்வுபெற்ற தாதி

ஆசிரியருக்கு வணக்கம். நீங்கள் கொடுத்த இரண்டு உதாரணங்களிலேயே விடையின் ஒரு பகுதி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கெல்சி காலம் தாழ்த்தியதால் நோயாளிகள் இழந்தது, ஏற்கெனவே பல தூக்க மருந்துகள் இருந்த கடையில் மேலும் ஒன்றை மட்டுமே. வியன்னாவில் காலம் தாழ்த்தியதற்கு விலை கொடுத்தவர்கள் தாய்மார். கைகழுவுவதால் வரக்கூடிய தீங்கு, தோல் சற்று எரிவதைத் தவிர வேறென்ன? விளக்கம் இல்லாவிட்டாலும் கழுவிப் பார்த்திருக்கலாம். ஆகவே பொறுத்திருந்தால் யாருக்கு என்ன நட்டம், செய்து பார்த்துப் பிழைத்தால் யாருக்கு என்ன நட்டம் என்று இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்காமல் சான்று போதாது என்று சொல்வதை நான் எச்சரிக்கையாகக் கருதமாட்டேன்.

எங்கள் துறையில் நான் கண்ட எதிர்ப்புக்குப் பெரும்பாலும் சான்றின் குறைவு காரணமாக இருந்ததில்லை. புதிய முறை மிகவும் எளிமையாக இருந்ததே குற்றமாகிவிட்டது. வயிற்றோட்டத்துக்கு நாம் இன்று கரைத்துக் கொடுக்கும் ஜீவனியையே எடுங்கள். குளுக்கோசு குடற்சுவரைக் கடக்கும்போது சோடியத்தையும் உடன் கொண்டுசெல்கிறது, அதன் பின்னால் நீர் செல்கிறது, வாந்திபேதியிலும் இந்த வழி அடைபடுவதில்லை என்பதெல்லாம் 1960களிலேயே தெரிந்திருந்தது. ஆயினும் நாளத்தில் ஏற்றும் சேலைனே உண்மையான வைத்தியம் என்ற எண்ணம் அசையவில்லை. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகளிடையே வாந்திபேதி பரவியபோது, வங்காள எல்லையிலுள்ள பொங்காவோன் முகாமில் சேலைன் தீர்ந்துபோயிற்று. வைத்தியர் திலீப் மகாலநபிஸ் குளுக்கோசையும் உப்பையும் அப்பச்சோடாவையும் நீரில் கரைத்துப் பெரிய கலன்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினரைக் கொண்டே பருக்கச் செய்தார். நூற்றுக்கு 30 வரை இருந்த இறப்பு 4க்கும் கீழே வந்தது. படிக்காத தாய்மார் அளவறிந்து கலக்கமாட்டார்கள் என்று சொன்னவர்கள் அதற்குப் பின்னரும் இருந்தார்கள்.

இன்றும் பிள்ளைக்கு இரண்டு தடவை வயிற்றால் போனவுடன் சேலைன் ஏற்றச் சொல்லி வாதாடும் பெற்றோரை விடுதியில் காணலாம். பழைய வழக்கத்தைக் காப்பவர்கள் பேராசிரியர்கள் மட்டுமல்லர் என்பதை உங்கள் மாணவர்களுக்கும் சொல்லுங்கள்.

பதில் – செம்மண் தோட்டம்

சகோதரியின் தராசை ஏற்கிறேன். ஆனால் தராசில் வைக்க வேண்டிய நட்டம் மருத்துவத்தில் நாட்கணக்கில் தெரிந்துவிடும். மண்ணிலும் நீரிலும் அது தெரியவர ஒரு தலைமுறை செல்லும். நான் விவசாயப் போதனாசிரியராக யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் வேலை செய்தவன். எங்கள் பகுதியில் யாரும் எதிர்க்காமல் வந்த புதிய முறை ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

துலா மிதித்துப் பட்டையால் நீரிறைத்த காலத்தில், ஒரு தோட்டத்துக்கு ஒரு நாளில் இறைக்கக்கூடிய நீரை மனித உடம்பின் வலு தீர்மானித்தது. மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் வந்தபோது அதை வேண்டாம் என்றவர் யாருமில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கு நியாயமும் இல்லை, ஏனெனில் அந்த உழைப்பு ஆளைத் தின்றது. ஆனால் துலா நீரிறைக்கும் கருவியாக மட்டும் இருக்கவில்லை. நீரை எல்லைக்குள் வைத்திருக்கும் கட்டுப்பாடாகவும் இருந்தது. வருடம் முழுதும் ஓடும் ஆறில்லாத இக்குடாநாட்டில் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கும் மாரி மழையே நன்னீர், அது அடியிலுள்ள கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது, மேலே அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். இந்த எல்லையை யாரும் சட்டமாக எழுதிவைத்திருக்கவில்லை. கருவிக்குள்ளேயே அது இருந்ததால், கருவி மாறியபோது எல்லையும் போனது எவர் கண்ணிலும் படவில்லை.

இயந்திரத்தைத் தொடர்ந்து யூரியா வந்தது. பூவரசங் குழையும் பனையோலையும் தாழ்த்திய பாத்திகளில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் புகையிலையும் அடுத்தடுத்துச் செய்யப்பட்டன. செம்மண்ணிலும் சுண்ணாம்புக் கல்லிலும் எதுவும் தங்கி நிற்பதில்லையாதலால், மிஞ்சிய பசளை கிணற்றுக்குப் போயிற்று. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு, குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பது நீண்டகாலமாக அறியப்பட்டதே.

அதனால் இரசாயனப் பசளையைக் குறைக்க வேண்டும் என்று வாதாடியவர்களில் நானும் ஒருவன். பின்னர் 2021 மே மாதத்தில் அதன் இறக்குமதியே நாடு முழுவதற்கும் ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டது. நோக்கத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாவட்டத்தையாவது விட்டுவைக்காமல், போதிய சேதனப் பசளை கையில் இல்லாமல், பயிர் நிற்கும்போதே முழு நாட்டையும் பரிசோதனைத் துண்டாக்கிய முறையை எந்த விவசாயக் கல்லூரி மாணவனும் முதலாம் ஆண்டிலேயே தவறென்று சொல்லியிருப்பான். காலபோக நெல் விளைச்சல் வீழ்ந்தது. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அதைவிட நீண்ட நட்டம் ஒன்று உண்டு. சேதனப் பசளை என்று சொன்னாலே கமக்காரர் இன்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யூரியா வராதபோது குழையையும் எருவையும் வைத்துத் தோட்டம் செய்து காட்டியவர்களே இன்று அந்தப் பேச்சை எடுக்க விடுவதில்லை.

பதில் – பருத்தித்துறை

கடற்றொழிலாளர் சங்கமொன்றில் இருப்பவன் என்ற வகையில் சுருக்கமாக எழுதுகிறேன். இழுவைமடியை நாங்கள் எதிர்ப்பதைப் பார்த்து, நவீன தொழில்நுட்பத்தைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்று எழுதியவர்கள் உண்டு. பருத்தி நூல் வலையை விட்டு நைலோன் வலைக்கு மாறியவர்களும் நாங்களே. கட்டுமரத்தையும் வள்ளத்தையும் விட்டுக் கண்ணாடியிழைப் படகுக்கும் வெளியிணைப்பு இயந்திரத்துக்கும், பின்னர் திசைகாட்டும் ஜிபிஎஸ் கருவிக்கும் மாறியவர்களும் நாங்களே. இவற்றையெல்லாம் ஏற்ற அதே ஆட்கள் கடலடியை வழித்துக்கொண்டு போகும் மடியை மட்டும் மறுக்கிறார்கள் என்றால், மறுப்புக்குரிய காரணத்தை அந்த மடியில்தான் தேட வேண்டும். குஞ்சும் முட்டையும் பாசியும் ஒருங்கே போனபின் அந்த இடத்துக்கு மீன் திரும்ப எவ்வளவு காலம் ஆகும் என்பதைக் கரையோரக் கடலில் கம்பு நட்டுக் களங்கண்டி வலை கட்டுபவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2017இல் இழுவைமடி இலங்கையில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டபோது, அதற்காக நெடுங்காலம் குரல் கொடுத்தவர்கள் வடபகுதித் தொழிலாளர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில் – வண்ணார்பண்ணை அச்சகம்

பருத்தித்துறை நண்பர் சொன்னதை ஒட்டியே எழுதுகிறேன். புதியதை ஆதரிப்போர் ஓர் அணி, எதிர்ப்போர் மற்றோர் அணி என்று பிரிப்பது எங்கள் ஊர் வரலாற்றுக்கே பொருந்தாது. வியன்னாவில் கைகழுவத் தொடங்கிய அதே 1847இல், டிசம்பர் 31ஆம் திகதி, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் முதற் பிரசங்கம் செய்தார். மிஷனரிமாரின் சமயப் பிரசாரத்தை அவரைப் போல் எதிர்த்தவர் இல்லை; ஆயினும் பிரசங்கம், வகுப்பு வகுப்பாகப் பிரித்த பாடசாலை, எளிய உரைநடை, அச்சு இயந்திரம் ஆகிய நான்கையும் அவர்களிடமிருந்தே எடுத்துக்கொண்டார். அச்சியந்திரத்தை 1849இல் சென்னையிலிருந்து கொண்டுவந்தார். எதை எடுப்பது, எதை விடுவது என்பதை அவர் பொருள் பொருளாகத் தீர்மானித்தார். அச்சு வந்ததால் ஏடு காப்பாற்றப்பட்டது என்பது உண்மை. ஆசிரியர் முன் அமர்ந்து பாடம் கேட்கும் வழக்கம் அதனால் தளர்ந்ததும் உண்மை. அதற்கு வருந்தியவர்களை நான் பழமைவாதிகள் என்று தள்ளமாட்டேன்.

எங்கள் தொழிலின் இன்றைய வழக்கு இதைவிடச் சிறியது. தமிழுக்கு யூனிக்கோடு வந்து பல வருடங்களாகியும் பாமினி எழுத்துருவை விடாத அச்சகங்கள் இன்னும் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் வெறும் ஆங்கிலக் குறிகள் தெரியும், தேடவும் முடியாது. யூனிக்கோடு மேல் என்பதை ஒருவரும் மறுக்கவில்லை. தட்டச்சு செய்பவரின் விரல்களில் பாமினி விசைப்பலகை ஊறியிருந்ததே தடை. அதே விசை ஒழுங்கில் யூனிக்கோடு தரும் மென்பொருள் வந்தபின் எங்கள் அச்சகத்தில் மறுப்பு ஒரு மாரிக்குள் நின்றுபோயிற்று. எல்லா எதிர்ப்பும் கொள்கைப் போர் அல்ல, ஆசிரியரே. சிலவேளை கூலி நாளொன்றில் எத்தனை பக்கம் முடிகிறது என்ற கணக்கு மட்டுமே.

கோப்பாய் ஆசிரியர்

அனைவருக்கும் நன்றி. செம்மண் தோட்டம் ஐயாவிடம் மட்டும் மேலும் ஒன்று கேட்க வேண்டும். ஒரு துண்டை ஒப்பீட்டுக்கு விட்டுவைப்பது என்கிறீர்கள். அதைத் தோட்டத்தில் செய்து காட்டினால் மாணவர்களுக்குப் புரியும். ஒரு பாடசாலைத் தோட்டத்தில் எப்படிச் செய்வது?

செம்மண் தோட்டம்

நல்ல கேள்வி. இந்த முறை மருத்துவத்திலிருந்து விவசாயத்துக்கு வந்ததென்று பலர் எண்ணுகிறார்கள். வந்த வழி மறுபக்கம். இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் விவசாய ஆய்வு நிலையத்தில் 1919இல் சேர்ந்த ரொனால்ட் பிஷர், எந்தத் துண்டுக்கு எந்தப் பசளை என்பதை ஆய்வாளரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கலுக்கு விடவேண்டும் என்று 1920களில் வகுத்தார். காசநோய்க்கு ஸ்ரெப்ரோமைசின் பயன்படுமா என்று பிரித்தானியாவில் நோயாளிகளை அவ்வாறே பிரித்துப் பார்த்த புகழ்பெற்ற ஆய்வு 1948இல்தான் வெளிவந்தது.

உங்கள் தோட்டத்தில் சின்ன வெங்காயம் வையுங்கள். அறுவடை விரைவில் கிடைக்கும், நிறுப்பதும் எளிது. ஒரே அளவில் பன்னிரண்டு பாத்திகள் போதும். அவற்றை அடுத்தடுத்த இரண்டிரண்டாகச் சோடி சேர்த்து, ஒவ்வொரு சோடியிலும் எதற்குச் சேதனப் பசளை, எதற்கு வழமையான பசளை என்பதை நாணயம் சுண்டித் தீர்மானியுங்கள். மாணவர்களைத் தெரிவுசெய்ய விடவேண்டாம். தாங்கள் வெல்ல வேண்டும் என்று நினைக்கும் முறைக்கு வாய்க்காலுக்கு அருகிலுள்ள பாத்தியையே கொடுப்பார்கள், அங்கே நீர் எப்போதும் கூடப் பாயும். நீரும் விதைவெங்காயமும் நடும் நாளும் ஒன்றாகவே இருக்கட்டும். அறுத்து, தாள் காய்ந்தபின் நிறுங்கள்; பச்சையாக நிறுத்தால் ஈரம் ஏமாற்றிவிடும். அடுத்த போகத்திலும் அதே பாத்திகளில் பசளையை மாற்றாமல் செய்யுங்கள், ஏனெனில் சேதனப் பசளை முதற் போகத்தில் பெரும்பாலும் பின்தங்கியே நிற்கும். கிணற்று நீரையும் தொடக்கத்திலும் முடிவிலும் பரிசோதிக்கக் கொடுத்துவையுங்கள். பெறுபேற்றை இங்கே எழுதுங்கள், எந்தப் பக்கம் சாய்ந்தாலும்.