கோட்டை அச்சுப்படம்: தாள், ஃபிரேம், சுவர்

கேள்வி (கிருஷ்ணகிரி): ஆங்கில ஓவியர்கள் தாமஸ், வில்லியம் டேனியல் 1797இல் வெளியிட்ட சென்னை புனித ஜார்ஜ் கோட்டைப் படத்தின் மறு அச்சு, ஹாலுக்கு 24×18 அங்குலத்தில் வேண்டும். மேற்கு வெளிச்சுவர். எந்தத் தாள், என்ன ஃபிரேம்?

பதில்: அச்சிடப்போகும் டிஜிட்டல் கோப்பைத்தான் முதலில் பாருங்கள். 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) 7200×5400 பிக்சல் தேவை. குறைந்தால் அக்வாடின்ட்டின் (அமிலத்தால் அரித்த தகட்டில் எடுக்கும் பழைய அச்சு முறை, இந்தப் படம் அதில் வந்தது) உயிரே போய்விடும். வானத்திலும் கடலிலும் இருக்கும் நுண்ணிய மணல் போன்ற நிழல் மொழுமொழுவென்று அப்பிக்கொள்ளும். பளபளப்பில்லாத பருத்தித் தாள், நிறமி மை. அளவுக்காகப் படத்தை இழுக்காதீர்கள், ஓரத்தில் வெள்ளை விடுங்கள்.

பதில்: ஃபிரேம் கடையில் நாலு பக்கமும் பசை தடவ விடவே கூடாது. ஐப்பசி ஈரத்தில் தாள் விரியும். விரிய இடமில்லாவிட்டால் அலையலையாக மடியும். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில், மெல்லிய தாள் பட்டையைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டினால் போதும். செல்லோடேப் வேண்டாம், மஞ்சள் கறை விழும். அமிலமில்லாத மவுண்ட் அட்டை (படத்தைச் சுற்றி, கண்ணாடிக்கு அடியில் வைக்கும் ஜன்னல் அட்டை) கட்டாயம். கண்ணாடி தாளைத் தொட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். வெளிச்சுவர் என்பதால் ஃபிரேமின் பின்புறம் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டுங்கள், காற்றோடும். உள்சுவர் கிடைத்தால் அதுவே மேல்.

பதில்: டேனியல்கள் 1792இல் பாராமகால் (கிருஷ்ணகிரி, தருமபுரி பகுதியின் பழைய பெயர்) வழியாகப் போனபோது நம் ராயக்கோட்டையையும் வரைந்திருக்கிறார்கள். கடற்கோட்டைக்குப் பக்கத்தில் அந்த மலைக்கோட்டையையும் அதே மவுண்ட் அகலத்தில் மாட்டுங்கள், அருமையான ஜோடி.