வயிற்று மால்ட் லிம்போமா: மரபணு அறிக்கை வந்தபின் உங்கள் சிகிச்சை எப்படி மாறியது?

நோயாளியின் மகள்:
அப்பாவுக்குத் தீராத நெஞ்செரிச்சல் இருந்ததால் எண்டாஸ்கோபி செய்து எடுத்த பயாப்ஸியில், வயிற்றில் மால்ட் லிம்போமா (வயிற்றுச் சுவரின் நிணத்திசுவில் மெதுவாக வளரும் புற்றுநோய்) இருப்பது தெரியவந்தது. மருத்துவர் முதலில் கீமோவைப் பற்றிப் பேசவேயில்லை. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை ஒழிக்க இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளும் அமிலத்தைக் குறைக்கும் ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். புற்றுநோய்க்கு அல்சர் மாத்திரையா என்று கேட்காத உறவினர் இல்லை. பின்னர் எடுத்த மூச்சுப் பரிசோதனையில் கிருமி அற்றுப்போயிருந்தது, ஆனால் அடுத்தடுத்த பயாப்ஸிகளில் லிம்போமா அப்படியே இருந்தது. அதன்பிறகு செய்த ஃபிஷ் பரிசோதனையின் (மரபணுக்களை ஒளிரும் வண்ணப் புள்ளிகளாகக் காட்டும் சோதனை) அறிக்கை, 11, 18 ஆகிய குரோமோசோம்களுக்கிடையே இடமாற்றம், அதாவது துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வது, நிகழ்ந்திருப்பதாகக் கூறியது. இது நோய் முற்றுவதன் அறிகுறியா என்பதே எங்கள் கவலை. இதே அறிக்கை வந்தவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிர வேண்டுகிறேன்.

நோய்க்குறியியல் துறையில் பணிபுரிபவர்:
நான் அன்றாடம் பார்ப்பது நுண்ணோக்கியில் வைக்கும் பயாப்ஸிக் கண்ணாடி வில்லைகளைத்தான் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். உறவினர்கள் வியந்த அந்த மாத்திரைக்கு நல்ல வரலாறு உண்டு: 1993-இல் வோதர்ஸ்பூன், ஐசக்சன் குழுவினர் கிருமியை மட்டும் ஒழித்து, 6 நோயாளிகளில் 5 பேருக்கு லிம்போமா மறைந்ததைக் காட்டினர். கிருமி தூண்டிவிடும் டி செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களின் உதவியால்தான், இந்த லிம்போமாவின் பி செல்கள் (அவையும் ஒருவகை நோயெதிர்ப்புச் செல்களே) பிழைத்திருக்கின்றன. கிருமி போனால் அந்த உதவியும் நின்றுவிடுகிறது. ஆனால் 11;18 இடமாற்றத்தில் ஏபிஐ2 மரபணுவும் மால்ட்1 மரபணுவும் இணைந்து உருவாக்கும் புரதம், செல்லைப் பிழைக்கவைக்கும் என்எஃப்-கப்பா பி என்னும் பாதையைத் தானாகவே ஓயாமல் இயக்குவதால், கிருமி இருந்தாலும் போனாலும் அந்தச் செல்லுக்கு ஒன்றுதான். ஃபிஷ் வில்லையில் தனித்தனியே தெரியவேண்டிய சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் ஒட்டி மஞ்சளாகத் தெரிவது இந்த இணைப்பைத்தான். வயிற்று மால்ட் லிம்போமாக்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் இது காணப்படுகிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த இடமாற்றம் உள்ள லிம்போமா வயிற்றைத் தாண்டிப் பரவியிருக்கும் வாய்ப்புச் சற்று அதிகம். ஆனால் அது வேகமாக வளரும் பெரிய பி செல் லிம்போமாவாக உருமாறுவது மிக அரிது. அவ்வாறு உருமாறியவற்றில் நாங்கள் காண்பது வேறு மாற்றங்களை: செல் பெருக்கத்துக்குக் கடிவாளமிடும் பி53 மரபணுவின் இரண்டு நகல்களும் செயலிழந்திருப்பது, அதேபோன்ற பி16 மரபணு அழிந்திருப்பது, சிலவற்றில் பெருக்கத்தைத் தூண்டும் மிக் மரபணு இடம் மாறியிருப்பது. அதனால் அறிக்கையில் என் கண் முதலில் தேடுவது குரோமோசோம் வரியை அல்ல, பெரிய செல்களைப் பற்றிய வரியை. அவை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடப்பது வேறு. பாய் விரித்தாற்போல் பரவிக் கிடப்பது வேறு.

உருமாற்றத்துக்குச் சிகிச்சை பெற்றவர்:
எனக்கு 11;18 இல்லை. ஆனால் பயாப்ஸியில் பெரிய செல்கள் பரந்திருந்ததாலும் பி53 புரதத்தைக் காட்டும் சாயம் அழுத்தமாக ஏறியிருந்ததாலும் ஆர்-சாப் என்னும் பல மருந்துகள் சேர்ந்த கீமோ கொடுத்தார்கள். இப்போது நோய் இல்லை. உங்கள் அப்பாவின் அறிக்கை என்னுடையதைவிடப் பொறுமையாகக் கையாளக்கூடியது என்றே கருதுகிறேன்.

நோயாளியின் மகள்:
இருவருக்கும் நன்றி. நோய் வயிற்றோடு நிற்பதால் அப்பாவுக்குக் கதிர்வீச்சு கொடுத்து முடித்திருக்கிறார்கள்; வயிறு காலியாக இருந்தால்தான் அதன் அளவு மாறாது என்பதால், ஒவ்வொரு முறையும் காபிகூடக் குடிக்காமல் போகவேண்டியிருந்ததுதான் அவருக்குப் பெரிய குறை. இப்போதைய பயாப்ஸியில் சில நிணச்செல் திரள்கள் எஞ்சியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். மீண்டும் பயப்பட வேண்டுமா?

நோய்க்குறியியல் துறையில் பணிபுரிபவர்:
சிகிச்சைக்குப் பின் அத்தகைய சிறு திரள்கள் நீண்ட நாள் தங்கியிருப்பதுண்டு. பழைய வில்லைகளையும் புதியவற்றையும் ஒரே மருத்துவர் அருகருகே வைத்துப் பார்க்குமாறு கேளுங்கள். திரள்கள் சுருங்கி, சுரப்பிகளைத் துளைக்கும் செல்கள் காணப்படாவிட்டால், அடுத்த எண்டாஸ்கோபி வரை காத்திருப்பதே வழக்கம்.